பயிற்றுநர் நாற்காலியும் "நாம்" என்ற சொல்லும்

சற்று நீண்ட பதிவு. கிரிக்கெட்டில் ஆர்வமில்லாத நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். பேச்சு மைதானத்தில் தொடங்கினாலும் நம் பல்கலைக்கழகத் துறைகளில்தான் வந்து நிற்கும்.

2025 நவம்பரில் இந்திய ஆடவர் அணி சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் டெஸ்ட் தொடரை 0–2 என இழந்தது. உடனே, தலைமைப் பயிற்சியாளர் கௌதம் கம்பீர் நீடிக்க வேண்டுமா, அவரை மாற்றினால் அடுத்தவர் யார் என்ற விவாதம் எங்கும் மூண்டது. நான் குடியிருக்கும் ஆனேக்கல்லிலும் மூண்டது. இத்தகைய விவாதங்களைப் படித்தவர்கள் பொதுவாக வெட்டிப் பேச்சென்று ஒதுக்குவார்கள். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர்கள், முடிவெடுப்பவர்களின் காதுக்கு எட்டாத இடத்தில் பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பேச்சை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அருகிலிருந்து கேட்டு வருகிறேன். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நல்ல பயிற்றுநர் என்பவர் யார் என்ற கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்படும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். நியமிக்கும் அறைகளில் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை கிடையாது. பயிற்சி பெறப்போகிறவர்களிடம் அது முறையாகக் கேட்கப்படுவதும் கிடையாது.

ஆனேக்கல் பெங்களூரு நகர மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர்; அதாவது தமிழ்நாடு. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளின் ஷிப்ட் நேரங்களே ஊரின் கடிகாரம். எங்கள் தெரு முனையிலுள்ள அய்யங்கார் பேக்கரியில் மாலை ஆறு மணிக்கு மேல் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் காரா பன்னோடும் தேநீரோடும் கலந்து ஒலிக்கும். எல்லைப்புறப் பேச்சு வழக்கை ஆராய்கிறவள் என்பதால் அங்கே நிற்பது எனக்குப் பாதி கள ஆய்வு, பாதி பழக்கம். வழக்கமாகக் கூடுகிறவர்களில் மூவரை இங்கே சுட்ட வேண்டும். தருமபுரியிலிருந்து வந்து லேத் வேலை செய்யும் ஒருவர். அரசுப் பள்ளியில் உடற்கல்வி கற்பிக்கும் கன்னடர், அவரை எல்லோரும் "மேஷ்ட்ரே" என்றே விளிப்பார்கள். ஒருகாலத்தில் பட்டுத்தறி வைத்திருந்த, வீட்டில் தெலுங்கு பேசும் முதியவர்.

நான் முதன்முதலில் அந்த விவாதத்தைக் கூர்ந்து கவனித்தது 2024 கோடையில். ராகுல் திராவிடின் பதவிக்காலம் அவ்வாண்டு ஜூனில் நடந்த டி20 உலகக் கோப்பையோடு முடிவதாக இருந்தது. மே 13 அன்று கிரிக்கெட் வாரியம் விண்ணப்பம் கோரியது. பதவி 2024 ஜூலை 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை. விண்ணப்பிப்பவர் குறைந்தது 30 டெஸ்ட் அல்லது 50 ஒருநாள் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும், அல்லது டெஸ்ட் ஆடும் முழு உறுப்பு நாடொன்றுக்கு இரண்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்க வேண்டும், அல்லது ஐ.பி.எல். அணி, முதல்தர அணி போன்றவற்றில் மூன்று ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். அல்லது வாரியத்தின் மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வயது அறுபதுக்குள். கடைசி நாள் மே 27. படிவம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருந்ததால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன என்றும், பிரதமர் பெயரிலும் டெண்டுல்கர், தோனி ஆகியோர் பெயரிலும் போலிகள் வந்தன என்றும் நாளிதழ்கள் எழுதின. தருமபுரிக்காரர் என்னிடம் பெருமையோடு சொன்னார்: "நானும் போட்டுட்டேம்மா. வயசத் தவிர ஒண்ணுகூட உண்மை இல்ல."

சிரித்துவிட்டு அந்த விளம்பரத்தை மறுபடி படித்தேன். எவ்வளவு ஆடியிருக்க வேண்டும், எத்தனை ஆண்டு பயிற்றுவித்திருக்க வேண்டும் என்பவை எண்ணால் அளக்கக்கூடியவை; அவை அங்கே இருந்தன. எப்படிப்பட்டவர் வேண்டும் என்பது இல்லை. அந்த இடத்தைத்தான் பேக்கரி நிரப்பிக்கொண்டிருந்தது.

அங்கே புழங்கிய சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். தருமபுரிக்காரர் "கோச்" என்றார். ஹங்கேரியில் கோச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டி ஐரோப்பாவெங்கும் பரவியபோது ஊர்ப் பெயர் வண்டிக்கு ஆயிற்று. ரயில் பெட்டியை நாம் கோச் என்பதும் அதே வழியில் வந்ததுதான். 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வைக் கடத்திவிடும் தனி ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்பது பொருள். விளையாட்டுக்கு அச்சொல் அதன் பின்னரே வந்தது. மேஷ்ட்ரு "தரபேதுதார" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கன்னடத்தின் "தரபேதி", வளர்த்தெடுத்தல் என்னும் பொருளுடைய "தர்பியத்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. குழந்தை வளர்ப்புக்கும் அதே சொல்தான். தமிழ் நாளிதழ் "பயிற்சியாளர்" என்று அச்சிட்டிருந்தது. பயில் என்பது தன்வினை, பயிற்று என்பது பிறவினை. முயல் என்பதிலிருந்து முயற்சி பிறப்பது போலப் பயில் என்பதிலிருந்து பயிற்சி பிறக்கிறது. ஆகவே பயிற்றுகிறவரைத் திட்டமாகக் குறிக்கும் சொல் "பயிற்றுநர்". "பயிற்சியாளர்" என்பதோ இருவருக்கும் பொருந்தும். ஐ.டி.ஐ. அறிவிப்புகளில் "பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை" என்று வந்தால் அது மாணவர்களைக் குறிக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் அதே சொல் அவர்களுக்குக் கற்றுத் தருகிறவரைக் குறிக்கிறது.

இதைச் சொல்லாராய்ச்சி விளையாட்டாக இங்கே கொண்டுவரவில்லை. பேக்கரியின் விவாதம் உண்மையிலேயே இந்த மூன்று எதிர்பார்ப்புகளாகப் பிரிந்து நின்றது. ஒரு தரப்புக்கு வேண்டியவர் வண்டிக்காரர்: கோப்பை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வழியில் என்ன செய்தார் என்ற கேள்வி இல்லை. மே 26 அன்று கம்பீர் ஆலோசகராக இருந்த கொல்கத்தா அணி சென்னையில் ஐ.பி.எல். இறுதிப் போட்டியை வென்றது; விண்ணப்பத்தின் கடைசி நாள் மறுநாள். இந்தத் தரப்பு அன்றிரவே தன் முடிவை அறிவித்துவிட்டது. இன்னொரு தரப்புக்கு வேண்டியவர் வளர்ப்பவர்: பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியையும் இந்திய "ஏ" அணியையும் பயிற்றுவித்து, பின்பு பெங்களூருவின் தேசிய கிரிக்கெட் அகாடமிக்குத் தலைமையேற்று, அதன்பிறகே மூத்த அணிக்கு வந்த திராவிட் அவர்களுக்கு அளவுகோல். மூன்றாம் தரப்புக்கு வேண்டியவர் பழக்குபவர்: நேரத்துக்கு வரச் சொல்கிறவர், தவறை முகத்துக்கு நேரே சொல்கிறவர். அவர்கள் வாயில் மீண்டும் மீண்டும் வந்த பெயர், அப்போது போட்டியிலேயே இல்லாத அனில் கும்ப்ளே.

மூன்று தரப்பும் சான்றாகக் காட்டியது வெற்றிக் கணக்கை. அந்தக் கணக்கு எதையும் தீர்க்கவில்லை. இந்திய கிரிக்கெட்டின் வருங்காலம் குறித்து விரிவான திட்டம் வைத்து 2005-இல் தேர்வான கிரெக் சேப்பலின் அணி, 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. விண்ணப்பமே அனுப்பாத கேரி கிர்ஸ்டன், சுனில் கவாஸ்கரின் மின்னஞ்சலால் அழைக்கப்பட்டு ஏழு நிமிடத்தில் தேர்வானதைத் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் 2011 உலகக் கோப்பை கைக்கு வந்தது. திராவிடின் அணி 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் தோற்றது. 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் வென்றது. இடைப்பட்ட ஏழு மாதத்தில் அவர் வேறொரு ஆளாகிவிடவில்லை. கம்பீர் பொறுப்பேற்ற சில மாதங்களில் நியூசிலாந்திடம் உள்ளூரில் 0–3; முதல் டெஸ்டில் நம் சின்னசாமி மைதானத்தில் 46 ஓட்டங்களுக்கு அணி சுருண்டது. 2025 மார்ச்சில் அதே கம்பீரின் கீழ் சாம்பியன்ஸ் கோப்பை. ஆடுகிறவர்கள் பதினொருவர், எதிரணி உண்டு, ஆடுகளம் உண்டு, நாணயச் சுழற்சி உண்டு. இத்தனைக்கும் பின்னால் நிற்கிற ஒருவரின் பங்கை முடிவிலிருந்து பிரித்தெடுப்பது இயலாத காரியம். ஆகவே பயிற்றுநரைப் பற்றிய விவாதம், மேலுக்கு முடிவுகளைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், எப்படி நடத்தப்பட விரும்புகிறோம் என்பதைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது.

அப்படியானால் உண்மையில் நடத்தப்படுகிறவர்களிடம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கும்ப்ளேயின் கதை இங்கேதான் முக்கியமாகிறது.

2016-இல் 57 பேர் விண்ணப்பித்தனர்; 21 பேர் பட்டியலில் மிஞ்சினர். டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் அடங்கிய ஆலோசனைக் குழுவின் பரிந்துரையின்படி ஜூன் மாதம் கும்ப்ளே ஓராண்டுக்கு நியமிக்கப்பட்டார். அவர் காலத்தில் இந்தியா ஆடிய டெஸ்டுகள் 17. வெற்றி 12, தோல்வி 1, சமன் 4. ஆயினும் 2017 மே மாதம், சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கும் முன்பே, வாரியம் அப்பதவிக்குப் புதிதாக விண்ணப்பம் கோரியது. ஜூன் 18 அன்று இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் தோல்வி. ஜூன் 20 அன்று கும்ப்ளே விலகினார். தம் பயிற்றுவிக்கும் பாணி குறித்தும் தாம் தொடர்வது குறித்தும் அணித்தலைவருக்குத் தயக்கம் இருப்பதாக முந்தைய நாள்தான் முதன்முறையாகத் தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்று தம் அறிக்கையில் குறிப்பிட்டார். தாம் தொடர வேண்டும் என்று ஆலோசனைக் குழு கேட்டுக்கொண்டதையும் அதே அறிக்கையில் சொன்னார். ஜூலை 11 அன்று ரவி சாஸ்திரி வந்தார். அவர் காலத்தில் ஆஸ்திரேலியாவில் முதன்முறையாக, பின்னர் இரண்டாம் முறையாகவும், டெஸ்ட் தொடர் வெல்லப்பட்டது.

சின்னசாமி மைதானத்துக்கு அருகே கும்ப்ளேயின் பெயரால் ஒரு வட்டமே உள்ள ஊர் இது. அதனால் பேக்கரியில் இந்தக் கதை இன்னும் ஆறாத புண். தருமபுரிக்காரர் கோலியின் பக்கம் நின்றார். "ஆடுறவன் அவன். அவனுக்குப் புடிக்காதவரை வெச்சுக்கிட்டு எப்படி ஆடுவான்? ஏம்மா, படிச்ச புள்ள நீ சொல்லு." பட்டுத்தறி முதியவர் மறுத்தார்: நெய்யப் பழகுகிறவன் சொல்லி நெசவாளியை மாற்றிய வழக்கம் எங்கேனும் உண்டா? மேஷ்ட்ரு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கன்னடத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்: "பையன்களைக் கேட்டால், ஓடவிடாத வாத்தியார்தான் நல்லவர் என்பார்கள். பையன்களைக் கேட்காமல் விட்டால், அடிக்கிற வாத்தியார்தான் நல்லவர் என்று தலைமையாசிரியர் சொல்லிவிடுவார்."

சிக்கலின் இரு முனைகளையும் நான் படித்த கட்டுரைகள் எவையும் இவ்வளவு சுருக்கமாகப் பிடித்ததில்லை. பயிற்சியின் பெரும்பகுதி அது நடக்கும்போது கசக்கும். கசப்பை வைத்து மட்டும் மதிப்பிட்டால் பயிற்றுநர் எவரும் தேறமாட்டார். கசப்பே தெரியாத தூரத்திலிருந்து மதிப்பிட்டால் கொடுமைக்கும் கண்டிப்புக்கும் வேறுபாடு தெரியாது.

அடுத்த ஆண்டே இதே சிக்கல் மகளிர் அணியில் வேறு வடிவில் வந்தது. பேக்கரியில் அது ஒருபோதும் விவாதிக்கப்பட்டதில்லை என்பதால் நானே எடுத்துச் சொன்னேன். 2018 நவம்பரில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் மிதாலி ராஜ் சேர்க்கப்படவில்லை, இந்தியா தோற்றது. பயிற்சியாளர் ரமேஷ் பொவார் தம்மை நடத்திய விதம் பற்றி மிதாலி வாரியத்துக்கு எழுதிய கடிதம் வெளியில் கசிந்தது. அணித்தலைவர் ஹர்மன்பிரீத் கௌரும் ஸ்மிருதி மந்தனாவும் பொவாரே தொடர வேண்டும் என்று எழுதினார்கள். அச்செய்தியும் வெளியில் வந்தது. டிசம்பரில் கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட், சாந்தா ரங்கசாமி ஆகியோர் குழு நேர்காணல் நடத்தியது. முதல் தேர்வாகக் கருதப்பட்ட கேரி கிர்ஸ்டன் அப்போது பெங்களூரு ஐ.பி.எல். அணியின் பயிற்சியாளர், இரண்டு பொறுப்பையும் ஒருசேர வகிக்க இயலாது. சென்னையின் டபிள்யூ. வி. ராமன் தேர்வானார். அவர் காலத்தில் அணி 2020 டி20 உலகக் கோப்பையின் இறுதிக்குச் சென்றது. 2021 மே மாதம் ராமன் நீடிக்கப்படவில்லை. மீண்டும் பொவார் வந்தார்.

இந்த இரு நிகழ்வுகளிலும் ஆடுகிறவர்களின் குரல் கேட்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஓங்கி ஒலித்தது. ஆனால் எப்படி ஒலித்தது என்று பாருங்கள். ஒன்றில் மூடிய அறையில், பயிற்றுநருக்கே தெரியாமல், அணியில் மிக வலிமையான ஒருவரின் குரலாக. மற்றொன்றில் கசிந்த கடிதங்களாக, ஒருவர் பக்கம் இன்னொருவர் பக்கம் என்று பிளந்த குரலாக. இரண்டிலும் நடுவில் இருந்தவர்கள், அதாவது அணியில் இடம் உறுதியில்லாத பதினான்காம், பதினைந்தாம் வீரர்கள், என்ன நினைத்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. பயிற்றுநரின் கை மிக அழுத்தமாகப் படுவது அவர்கள்மீதுதான்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் பின்தொடர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2024-இன் அதே கோடையில் என் நெறியாளர் பணி ஓய்வு பெற்றார்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவையே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மேல் ஏற்கக் கூடாது. பதிவு செய்தவர்களுக்குத் தம் ஓய்வு வரை நெறியாளராகவும், அதன்பின் எழுபது வயது வரை இணை நெறியாளராகவும் இருக்கலாம். ஆகவே ஓய்வு நாளன்று நெறியாளர் நாற்காலி காலியாகிறது. அடுத்தவர் ஒதுக்கப்பட வேண்டும். நாங்கள் ஐந்து பேர் அந்த நிலையில் இருந்தோம். மூன்று மாதம் உணவகத்தில் எங்களுக்கு வேறு பேச்சில்லை. ஒரு பேராசிரியர் காலத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார் என்றோம். இன்னொருவர் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே கையெழுத்திடுவார், ஆனால் ஆறு ஆண்டு ஆகும் என்றோம். மற்றொருவர் கருத்தரங்குகளுக்கு அழைத்துச் சென்று ஆளாக்குவார் என்றோம். வண்டிக்காரர், பழக்குபவர், வளர்ப்பவர். பேக்கரியின் மூன்று தரப்பும் எங்கள் மேசையில் பெயர் மாற்றி அமர்ந்திருந்தன. வேறுபாடு ஒன்றுதான். பேக்கரியில் தோற்பவருக்கு ஒரு தேநீர்ச் செலவு. எங்களுக்கு உதவித்தொகை முடியும் நாள் தெரிந்திருந்தது.

எங்களை எவரும் அழைத்துக் கேட்கவில்லை. ஐவரில் ஒருவர் மட்டும் உரிய அறைக்குத் தனியே சென்று பேசியதாகவும், அவர் விரும்பியவரே அவருக்குக் கிடைத்ததாகவும் பின்னர் அறிந்தோம். மற்ற நால்வருக்கும் ஒரு வரிச் சுற்றறிக்கை. என் இயல்கள் இரண்டு முடிந்திருந்தன, களத்தரவு கையிலிருந்தது, ஒதுக்கப்பட்டவரின் துறை இலக்கண வரலாறு. பேச்சுக் களத்தில் பதிவு செய்த ஒலிக்கோப்புகளை வைத்து என்ன செய்வதென்று இருவரும் புரிந்துகொள்ள எட்டு மாதங்கள் ஆயின. அவர் நேர்மையானவர், பழைய கல்வெட்டுகளில் எல்லைப்புற வழக்கைத் தேடும் வழியை அவரிடமே கற்றேன். ஆகவே எனக்கு வாய்த்தவர் நல்லவரா என்பதல்ல என் கேள்வி. அந்த எட்டு மாதத்தை ஒரே ஒரு பிற்பகல் உரையாடல் மிச்சப்படுத்தியிருக்கும் என்பதுதான்.

அந்தச் சுற்றறிக்கையின் வாக்கிய அமைப்பு எனக்கு மறக்கவில்லை. "ஒதுக்கப்பட்டுள்ளார்." செயப்பாட்டு வினை; ஒதுக்கியவர் யார் என்பதும் இல்லை, ஏன் என்பதும் இல்லை. பேக்கரியின் வாக்கியம் இதற்கு நேர்மாறானது. "நமக்கு யாரு வேணும்?" தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் உள்ளடக்கியது முன்னது. அவரை விலக்கியது பின்னது. தெலுங்கிலும் மனம், மேமு என்று இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடம் இதை இழந்துவிட்டது. "நமகெ யாரு பேக்கு" என்று மேஷ்ட்ரு கேட்கும்போது அதில் நான் உண்டா இல்லையா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். தருமபுரிக்காரர் தமிழில் கேட்கும்போது ஐயமே இல்லை. அவரும் நானும், அந்த நேரத்தில் பார்படாஸிலோ லண்டனிலோ இருக்கும் பதினொருவரும் ஒரே "நாம்". ஓட்டுரிமை இல்லாத இடத்தில் அவர் அந்தச் சொல்லைக் கொண்டு தமக்கு ஓர் இருக்கை போட்டுக்கொள்கிறார். அது மிகையாகவே இருக்கலாம். ஆனால் கற்பிப்பும் கற்றலும் நடக்கிற இடத்துக்கு உரிய பன்மை அதுதான். புதிய நெறியாளர் பல மாதங்களுக்குப் பிறகு, "இந்த இயலை நாம் திருப்பி எழுதிப் பார்ப்போம்" என்று சொன்ன அன்றுதான் என் ஆய்வு மறுபடி நகர்ந்தது.

என் கருத்தை இனிச் சுருக்கமாக வைக்கிறேன். பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயிற்சி பெறுபவரிடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி விட்டால் அது அணித்தலைவரின் உரிமையாகத்தான் முடியும். எங்கள் துறையில் அது தனியே சென்று பேசத் துணிந்தவரின் உரிமையாக முடிந்தது. நான் சொல்வது, அவர்கள் எல்லோருடைய குரலும் முடிவுக்கு முன்பாக, ஒரே முறையில், எழுத்தில் கேட்கப்பட வேண்டும் என்பதுதான். பெயரைக் கேட்க வேண்டாம், தேவையைக் கேளுங்கள். "உன் ஆய்வில் எது மிச்சம்? எங்கே தடுமாறுகிறாய்? எந்த வகையான உதவி வேண்டும்?" இந்த மூன்று கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுவது எந்த ஆய்வாளருக்கும் கடினமன்று. அந்தப் பக்கங்களை ஏற்கப்போகும் ஆசிரியரும் படிக்கட்டும். பிறகு குழு முடிவெடுக்கட்டும்; காரணத்தை இரண்டு வரியில் சொல்லட்டும். ஓராண்டு கழித்து இரு தரப்பையும் மீண்டும் கேட்கட்டும். ஆய்வாளருக்கு ஒருவர்மீது தயக்கம் இருந்தால் அதை அந்த ஆசிரியர் கடைசி நாளில், மூன்றாம் ஆளின் வாயிலாக, கேட்க நேரும் அவலமும் இதனால் குறையும். அவருக்கும் மானம் உண்டு.

தகுதிப் பட்டியலை மட்டும் நம்புவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று மகளிர் அணி முதன்முறையாக ஒருநாள் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியது. பேக்கரியில் பட்டாசு வெடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் அமோல் மஜும்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தும் இந்தியாவுக்காக ஒரு போட்டியும் ஆட வாய்க்காதவர். ஆடவர் அணி விளம்பரத்தின் முதல் வரியைக் கொண்டு மட்டும் சலித்திருந்தால் அவர் சல்லடைக்கு மேலேயே நின்றிருப்பார். இதையும் நான் வெற்றியை வைத்தே சொல்கிறேன் என்று மேஷ்ட்ரு சுட்டிக்காட்டினார். சரிதான். ஆனால் நான் அதைக் கொண்டு மஜும்தார் சிறந்தவர் என்று நிறுவ வரவில்லை. சல்லடையின் கண்கள் எதை நழுவவிடும் என்பதைக் காட்டவே சொன்னேன். எப்படிப்பட்டவர் வேண்டும் என்பதை யாரோ எங்கோ பேசியாக வேண்டும். பேச வேண்டிய இடத்தில் அது பேசப்படாததால்தான் பேக்கரிகளுக்கும் உணவக மேசைகளுக்கும் அந்தப் பொறுப்பு வந்து சேர்கிறது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓய்வு பெறப்போகும் சக ஆசிரியரின் மாணவர்களை, ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு முந்திய வாரம் ஒருமுறை உட்கார வைத்துக் கேளுங்கள். ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் துறையில் நெறியாளர் மாறும்போது உங்களிடம் கேட்டார்களா? கேட்டார்கள் என்றால் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். துறையின் பெயரோ ஆசிரியரின் பெயரோ வேண்டாம். நடந்த முறை மட்டும் போதும். நல்ல முறைகளைத் தொகுத்து ஒரு பக்கக் குறிப்பாக்கி எங்கள் துறைக்கு அளிக்க எண்ணியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அங்கே இன்னொருவர் ஓய்வு பெறுகிறார்.